கண் பட்டதா, எலும்பு முந்திக்கொண்டதா?

அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அக்கா மகன் கால்பந்து ஆடுகிறவன். 13 வயதில் சேலம் காந்தி ஸ்டேடியத்தில் அவன் பந்தோடு கிளம்பினால் எதிரணிப் பையன்கள் சிதறி விழுவார்களாம். ஒரே மேட்ச்சில் நாலு கோல், ஐந்து கோல். வெளியூர் அகாடமி ஒன்று அள்ளிக்கொண்டு போனது. இப்போது வயது 19. கிளப்பின் சீனியர் அணிப் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆட்டம்தான் இல்லை. கடைசிப் பத்து நிமிடத்துக்கு இறக்கினால் உண்டு, இல்லாவிட்டால் பெஞ்ச். “ஊர்க்கண்ணு பட்டுடுச்சுன்னு எங்கக்கா வெள்ளிக்கிழமை தவறாம உப்பு மிளகாய் சுத்திப் போடுது சார். அறிவியல் என்ன சொல்லுது?” என்று முடித்திருக்கிறார்.

முழங்கால் அடி, கோச் மாறியது, கிளப் வெளிநாட்டு ஃபார்வர்டை வாங்கியது, வீட்டில் பணமுடை என்று ஆயிரம் காரணம் இருக்கும். அவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதில் எழுதும் முன் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: பையனுக்கு மீசை எப்போது முளைத்தது? “எட்டாவது படிக்கும்போதே சார். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

கண்டுபிடிக்க ஜாதகம் தேவையில்லை. எலும்பு எப்படி நீள்கிறது என்று தெரிந்தால் போதும்.

கால் எலும்பு நடுவில் வளராது, முனையில்தான் வளரும். முழங்காலுக்குச் சற்று மேலும் கீழும், மணிக்கட்டை ஒட்டியும், எலும்பின் தண்டுக்கும் தலைக்கும் இடையில் குருத்தெலும்பாலான மெல்லிய தகடு ஒன்று இருக்கும். வளர்ச்சித் தகடு என்பார்கள். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது என்பதால் அந்த இடம் கறுப்புக் கோடாக விழும். மகனின் எக்ஸ்ரேயைப் பார்த்து ‘உடைஞ்சிருச்சா டாக்டர்?’ என்று அப்பாக்கள் பதறுவது பல சமயம் இந்தக் கோட்டைப் பார்த்துத்தான்.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு அத்தனை அழகு. சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சாயங்காலம் செட் போடுகிற தள்ளுவண்டியில் தட்டுவடையை ஒன்றின் மேல் ஒன்றாகத் தூண் தூணாக அடுக்கி வைத்திருப்பார்கள் இல்லையா? தகட்டுக்குள் செல்கள் அச்சு அசலாக அப்படித்தான் நிற்கின்றன, தட்டைத் தட்டையாக. மூட்டுப் பக்க ஓரத்தில் கொஞ்சம் செல்கள் சும்மா உட்கார்ந்திருக்கும். அவை கையிருப்பு மாவு. அதிலிருந்து ஒன்று கிளம்பி இரண்டாகப் பிரியும், மறுபடியும் பிரியும். பிரிந்தவை பக்கவாட்டில் பரவாமல் தூணாக அடுக்கிக்கொள்ளும். தண்டுப் பக்கம் வந்து சேர்ந்த செல், பிரிவதை நிறுத்திவிட்டு ஊத ஆரம்பிக்கும். தட்டுவடை பூரியாவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு கிட்டத்தட்டப் பத்து மடங்காகும், அதுவும் எலும்பு நீள வேண்டிய திசை பார்த்து. உயரம் கூடுவதில் பெரும்பங்கு இந்த ஊதலுடையது, செல்களின் எண்ணிக்கை பெருகுவதன் பங்கு அதற்கு அடுத்ததுதான். ஊதி முடித்த செல்லைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து படியும், ரத்தக் குழாய் துளைத்துக்கொண்டு வரும், அந்த இடம் எலும்பாகிவிடும். அதற்குள் தூணின் மறுமுனையில் அடுத்த தட்டுவடை வந்திருக்கும்.

ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 14 வயதில் இந்த வேலை உச்சத்துக்குப் போகும். அந்த ஒரு வருடத்தில் 9, 10 சென்டிமீட்டர்கூட ஏறிவிடுவார்கள். முதலில் பாதம், அப்புறம் கால், கடைசியில்தான் முதுகு. ஜூனில் வாங்கிக் கொடுத்த ஷூ ஆயுத பூஜைக்குள் கடிக்கிறது என்று பையன் சிணுங்கினால் அவனைத் திட்டாதீர்கள். ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

வளர்ச்சியைக் கிளப்பிவிடும் ஹார்மோனேதான் கடைசியில் பூட்டும் போடுகிறது. அது டெஸ்டோஸ்டீரோன் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் ஆண்களின் உடம்பிலும் அதில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்படுகிறது. அந்தக் கையிருப்பு மாவைச் சீக்கிரம் தீர்த்துவிடுவது ஈஸ்ட்ரோஜன்தான். 1994-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு 28 வயது, 204 சென்டிமீட்டர் உயரம், இன்னமும் வளர்ந்துகொண்டிருந்தார். டெஸ்டோஸ்டீரோன் சரியாக இருந்தது. ஈஸ்ட்ரோஜனும் இருந்தது, ஆனால் அதன் பேச்சைக் கேட்கும் ஏற்பி மரபணுக் கோளாறால் செவிடாகியிருந்தது. பூட்டச் சொல்லும் உத்தரவு எலும்புக்குப் போய்ச் சேரவே இல்லை. அவருடைய எலும்பு வயது, அதாவது எக்ஸ்ரேயில் தகடுகளின் நிலையைப் பார்த்து மதிப்பிடும் வயது, அப்போதும் 15! (பூட்டிவிட்ட தகட்டை எந்த ‘ஹைட் பவுடரும்’ திறக்காது. பாலில் கலந்து குடிக்கலாம், பால் நல்லது.)

இந்த உத்தரவு எல்லாருக்கும் ஒரே வயதில் வருவதில்லை. ஒரே நாளில் பிறந்த இரண்டு 13 வயதுப் பையன்களில் ஒருவனின் எலும்பு வயது 11 ஆகவும் மற்றவனுடையது 15 ஆகவும் இருக்கலாம். இருவருக்கும் எந்த நோயும் இல்லை. முந்தியவன் 16 வாக்கில் நின்றுவிடுவான். பிந்தியவன் 18, 19 வரை மெதுவாக ஏறி, பெரும்பாலும் அதே உயரத்துக்கு வந்து சேருவான்.

இப்போது அண்டர்-14 செலக்‌ஷன் நடக்கிற மைதானத்துக்கு வாருங்கள். மீசை முளைத்தவன் பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடுகிறான். துரத்துகிறவர்களுக்குக் கால் நீளம் போதவில்லை. தோளால் ஒரு இடி, எதிரி கீழே. கோச்சும் ‘பந்தை அவனுக்குத் தள்ளுடா’ என்று கத்துவார். மேட்ச் ஜெயிக்க வேண்டுமே! நாலு வருடம் இப்படி ஆடியவனுக்குப் பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளும் பழக்கமோ, இடது காலால் நிறுத்தும் பழக்கமோ தேவைப்படவே இல்லை. கத்துக்குட்டியாகத் திரிந்த பொடியனுக்கோ அவை இல்லாவிட்டால் பந்தே கிடைக்காது. 18 வயதில் எல்லார் காலும் ஒரே நீளம். முன்னவனின் ஓட்டம் குறையவில்லை, துரத்துகிறவர்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அக்கா பார்த்த ‘கண்’ இதுதான்.

பிந்தியவன் பாடும் சுகமில்லை. பெரும்பாலானவர்களை 14-லேயே கழித்துவிடுகிறோம். தப்பிப் பிழைத்தவனுக்கு வளர்ச்சி வேகம் பிடிக்கிற வருடத்தில் கால் நீண்டு, பழைய கணக்கு தப்பி, பந்து காலில் ஒட்டாது. முழங்காலுக்குக் கீழே, தசைநாண் எலும்பைப் பிடித்திருக்கும் இடத்தில் புடைத்துக்கொண்டு வலிக்கும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று அதற்குப் பெயர், வளர்ச்சி நின்றால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ‘நடிக்கிறான்’ என்று அவனை ஓரங்கட்டிய பி.டி. மாஸ்டர் ஒருவரை எனக்கே தெரியும்.

பிறந்த மாதம் இதில் இன்னொரு கண்ணி. 1985-ல் கனடாவின் ரோஜர் பார்ன்ஸ்லியும் சகாக்களும் ஐஸ் ஹாக்கி வீரர்களில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் ஏராளமாக இருப்பதை எழுதினார்கள். வயது வரம்பு ஜனவரி 1 என்றால் ஜனவரிப் பிள்ளை டிசம்பர்ப் பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவன், பத்து வயதில் அது பெரிய வித்தியாசம். ‘பார்த்தீர்களா, பிறந்த மாதம் வேலை செய்கிறது’ என்று ஜோசியர்கள் குதிக்கலாம். பெல்ஜியத்தில் 1997-ல் கால்பந்து வயது வரம்பை ஆகஸ்ட் 1-லிருந்து ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். அதிர்ஷ்ட மாதமும் கூடவே இடம் மாறியது. கிரகங்கள் அசைந்ததாகத் தகவல் இல்லை! நம் ஊரில் இந்தக் கணக்கைப் போடுவதே கஷ்டம். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வாய்க்கு வந்த ஜூன் மாதத் தேதியை எழுதிய தலைமுறை நம்முடையது. சான்றிதழை நம்பாமல்தான் ஃபிஃபா 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறது. அங்கேயும் தேடுவது அதே தகட்டைத்தான், பூட்டிவிட்டதா இல்லையா என்று.

2013-ல் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான லெஸ்டர் சிட்டியின் சப்ஸ்டிட்யூட் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஹாரி கேன், ஜூலை கடைசியில் பிறந்தவர். இங்கிலாந்தில் வரம்பு செப்டம்பர் 1 என்பதால் தன் செட்டில் கடைக்குட்டி. சிறுவனாக இருந்தபோதே ஆர்சனல் வேண்டாமென்று அனுப்பிவிட்டது, அப்புறம் டாட்டன்ஹாமிலிருந்து நாலு கிளப்புக்குக் கடனாகப் போனார். இன்னொருவர் ஜேமி வார்டி, 16 வயதில் ‘ரொம்பப் பொடியன்’ என்று ஷெஃபீல்டு வெட்னஸ்டே கழற்றிவிட்டவர். பிற்பாடு இருவருமே, வெவ்வேறு சீசன்களில், இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் அதிக கோல் அடித்தவர்கள்.

இங்கிலாந்து அகாடமிகள் சில வருடங்களாக வேறு விதமாகவும் பிரித்து ஆட விட்டுப் பார்க்கின்றன. வயதுக்குப் பதிலாக, வளர்ந்த பின் வரப்போகும் உயரத்தில் பையன் இப்போது எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறான் என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். 85 முதல் 90 வரை உள்ளவர்கள் ஒரு அணி என்பதுபோல. சீக்கிரம் வளர்ந்தவன் தன் அளவுக்காரர்களிடம் மாட்டியதும் வேகமாகப் பாஸ் கொடுக்கக் கற்றுக்கொண்டானாம்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நின்ற உயரம், ஸ்டூலில் உட்கார்ந்த உயரம், எடை, வயது ஆகியவற்றை வைத்து வளர்ச்சி உச்சம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மதிப்பிடும் கணக்கை 2002-லேயே கனடாவில் போட்டுவிட்டார்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் மீசையைப் பார்த்து முடிவெடுப்பதற்கு இது எவ்வளவோ மேல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை அளந்து, பத்து வருடம் பொறுமையாகக் குறித்து வைக்கிற ஆராய்ச்சிக்கு இங்கே காசு கொடுக்க ஆளில்லை. ஃப்ளட்லைட்டுக்குக் கொடுப்பார்கள், அதில் பெயர் போடலாம். இன்றும் நம் பிள்ளைகளின் எலும்பு வயதைப் பல இடங்களில் 1930-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறோம்.

போன டிசம்பரில் ஏற்காட்டில் காப்பி பறிக்கிற ஒரு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒரே கிளையில் ஒரு பழம் சிவந்திருந்தது, பக்கத்துக் காய் பச்சை. சிவப்பை மட்டும் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டார். “பச்சை கெட்டதில்ல கண்ணு. பத்து நாள் போனா அதுவும் பழுக்கும். மறுபடி வருவோமில்ல.” செலக்‌ஷன் கமிட்டி மறுபடி வருவதில்லை.

அம்மாபேட்டை வாசகரிடம் அக்கா வீட்டில் உயரம் குறித்த சுவர் ஏதும் உண்டா என்று கேட்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். சமையலறை நிலைக்கதவில் பென்சில் கோடுகள், பக்கத்தில் தேதி. பெரியவனுக்கு 12-க்கும் 13-க்கும் நடுவே ஒரு கை அகல இடைவெளி. 16-க்கு மேல் உள்ள கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து தடித்திருக்கின்றன. வலது பக்கத்தில் இன்னொரு வரிசை இருந்தது. தம்பியாம், 15 வயது, போன மாதம் ஸ்கூல் டீமிலிருந்து கழற்றிவிட்டார்களாம். அவனுடைய கோடுகள் கீழே நெருக்கமாகவே வந்து, கடைசி இரண்டுக்கு நடுவில் மட்டும் ஒரு கை அகலம் விட்டிருந்தன.