கணினி: சொல்லும் பொருளும்

மொரிசியஸ் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் கிரியோலில் ‘ஓர்தினாதேர்’ என்றும், ஆங்கிலவழிப் பாடங்களில் ‘கம்ப்யூட்டர்’ என்றும், தமிழ் வகுப்பில் ‘கணினி’ என்றும் ஒரே கருவியை அழைக்கின்றனர். இம்மூன்று பெயர்களின் வேர்ப்பொருள் ஒன்றன்று.

‘கம்ப்யூட்டர்’ என்பதன் மூலம், கணக்கிடுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையாகும். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இச்சொல் கணக்கிடும் மனிதரையே குறித்தது. பொறிக்கு அது பெயரானது பின்னரே. 1946இல் அறிவிக்கப்பட்ட எனியாக் என்னும் மின்னணுப் பொறி, பீரங்கிக் குண்டுகள் செல்லும் பாதையைக் கணக்கிடுவதற்கென்றே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டப்பட்டதாதலால், அப்பெயர் அதற்கு முற்றும் பொருந்தியது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களும் 30 டன் எடையும் கொண்ட அப்பொறி, கணினிகளின் முதல் தலைமுறைக்கு அடையாளமாக இன்றும் காட்டப்படுகிறது.

ஓர்தினாதேரின் பிறப்பு வேறு. வணிகப் பதிவேடுகளைக் கையாளத்தக்க 650 என்னும் பொறியைப் பிரான்சில் விற்க முனைந்த அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐபிஎம் பெயர் தேடியபோது, இலத்தீன் மொழியறிஞர் ழாக் பெரே, 1955 ஏப்ரல் 16 நாளிட்ட கடிதத்தில், உலகை ஒழுங்குபடுத்தும் இறைவனைக் குறிக்க முன்னர் வழங்கிய ‘ஓர்தினாத்தர்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லை எடுத்துக்காட்டினார். அவர் தாமே விரும்பியது அதன் பெண்பால் வடிவத்தை. நிறுவனமோ ஆண்பாலையே ஏற்றது. பிரெஞ்சின் வழியே கிரியோலும் அதைப் பெற்றது.

பொறிகளின் வரலாற்றில் ‘தலைமுறை’ என்பது பெரும்பாலும் உறுப்புகளின் மாற்றத்தையே அளவாகக் கொண்டது. 1947இல் உருவான, வெற்றிடக் குழாயின் வேலையைச் செய்யும் சிறு உறுப்பான டிரான்சிஸ்டர் இரண்டாம் தலைமுறைக்கும், பல உறுப்புகளை ஒரே சில்லில் இணைக்கும், 1958–59இல் தோன்றிய ஒருங்கிணைந்த மின்சுற்று மூன்றாவதற்கும், சுமார் 2,300 டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கிய 1971ஆம் ஆண்டின் இன்டெல் 4004 நுண்செயலி நான்காவதற்கும் வழிவகுத்தன. எல்லைகள் அத்துணைத் துல்லியமானவை அல்ல: மூன்றாம் தலைமுறையின் சான்றாகச் சொல்லப்படும் ஐபிஎம் 360, 1964இல் அறிவிக்கப்பட்டபோது முழுமையான ஒருங்கிணைந்த சுற்றுகளால் ஆனதாக இல்லை. 1982இல் ஜப்பான் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைத் திட்டமோ உறுப்பை விட்டு, தருக்க முறையில் அறிவைக் கையாளும் நோக்கத்தையே முன்வைத்தது.

எண்களைக் கூட்டிக் கழித்த பொறி இவ்வாறு வளர்ந்தபின், ‘கணினி’ குறுகிய பெயராகிவிட்டது என்பாருண்டு. அது சரியன்று. தமிழில் கணித்தல் வெறும் எண்ணுதல் அன்று. தெரிந்தவற்றைக் கொண்டு தெரியாததை உய்த்துணர்தலும் அதில் அடங்கும். சாதகம் கணிக்கிறோம், தைப்பூசக் காவடியின் நாளைப் பஞ்சாங்கம் கணித்துத் தருகிறது, நாளும் கோளும் அறிந்தவனுக்குக் ‘கணி’ என்பதே பழந்தமிழ்ப் பெயர். ஆகவே கணக்கீடு, உய்த்துணர்வு ஆகிய இரண்டிற்கும் இவ்வினை இடமளிக்கிறது.

‘கணிப்பொறி’யும் பிழையற்ற சொல்லே. எனினும் மடிக்கணினி, கணினியியல், கணினிமயம் எனச் சொற்களைப் பெருக்குவதற்குக் குறுகிய வடிவமே எளிது. இலங்கைத் தமிழில் ‘கணனி’ என்னும் வடிவமும் வழங்குகிறது; ஆனால், தமிழை வகுப்பறையில் கற்கும் மொரிசியஸ் மாணவருக்குக் ‘கணி’ என்னும் வினை கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும் ‘கணினி’யே பொருத்தமானது.