கூட்டுத் தண்டனையா, ஒட்டுமொத்தத் தண்டனையா?

காலனி ஆட்சிக் கால வரலாற்றை மொழிபெயர்ப்பில் படித்தால், collective punishment என்பதற்கு 'கூட்டுத் தண்டனை' தவறாமல் வந்துவிடுகிறது. யாரோ சிலர் செய்ததற்கு ஊரையே, சாதியையே தண்டித்ததை இப்படி எழுதுகிறார்கள். தவறான சொல் இது.

தண்டம் என்றால் கோல். வடசொல். கோலிலிருந்து அடி, அபராதம், தண்டனை என்று பொருள் விரிந்தது. தமிழில் ஒறுப்பு உண்டு. சரி, தண்டனை ஊன்றிவிட்ட சொல், இருக்கட்டும். சிக்கல் 'கூட்டு' என்பதில்தான்.

கூட்டுச் சதி, கூட்டுக் கொள்ளை, கூட்டறிக்கை என்று எதைப் பார்த்தாலும், பலர் மனமொத்துச் சேர்ந்து செய்தது என்றுதான் பொருள். அந்தப் பழக்கத்தில் 'கூட்டுத் தண்டனை' என்று படிப்பவர், கூட்டாகக் குற்றம் செய்தவர்கள் பெற்ற தண்டனை என்றே எடுத்துக்கொள்வார். ஊரே சேர்ந்துதான் செய்தது என்பது ஆண்டவர்கள் கட்டிய கதை. அதற்கு நம் சொல்லும் ஒத்து ஊத வேண்டுமா?

குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் வெளியூரில் தங்க ராத்திரிச் சீட்டு வேண்டும். யார் திருடினார் என்ற விசாரணையே கிடையாது, அந்தச் சாதியில் பிறந்ததே குற்றம். கைரேகை பதிய மறுத்து நின்ற ஊர்க்காரர்களைப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டுக் கொன்றது. இதில் கூட்டு எங்கே இருக்கிறது? கொடியவரை வேந்தன் ஒறுப்பது பயிருக்குக் களையெடுப்பது போல என்றார் வள்ளுவர். இங்கே வயலையே கொளுத்தினார்கள்.

'குழுத் தண்டனை' என்பாரும் உண்டு. குழு என்பது ஆட்கள் விரும்பிச் சேர்வது, பிறப்பால் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது பொருந்தாது. 'ஒட்டுமொத்தத் தண்டனை' நீளம்தான். ஆனால் ஆள் பார்க்காமல் எல்லோரையும் வாரிச் சுருட்டியது அதில் தெரிகிறது. என் தேர்வு அதுதான்.

இன்னொரு கொடுமை, punitive tax என்பதற்கு எழுதும் 'தண்டனைக்குரிய வரி'. குற்றம் தண்டனைக்குரியது, வரி எப்படித் தண்டனைக்குரியதாகும்? 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. அப்புறம் அரசு அங்கேயும் தூத்துக்குடியிலும் கூடுதல் போலீசைக் கொண்டுவந்து நிறுத்தி, செலவை ஊர்மக்கள் தலையில் கட்டியது. அந்த வரிக்கு அன்றைக்கே தமிழில் பேர் இருந்தது: திமிர் வரி. உங்கள் திமிருக்கு இது வரி என்ற ஆட்சியாளரின் நினைப்பு முழுக்க அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது. பழைய பத்திரிகைகளைப் புரட்டாமல் அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை. திருநெல்வேலியைப் பற்றி எழுதும்போதாவது திமிர் வரி என்றே எழுதுங்கள்.