ஐந்து வாக்கியக் கடிதமும் 608 மேற்கோள்களும்

ஒரு கட்டுரையில் தகவலுக்குப் பக்கத்தில் அடிக்குறிப்பு எண் இருந்தால் உடனே நம்பிவிடுகிறோம். அந்த எண் சுட்டும் மூலத்தைத் தேடி எடுத்துப் படிப்பவர்கள் குறைவு. ஆராய்ச்சியாளர்களும் இதற்கு விலக்கல்ல.

1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் இருவரும் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. மொத்தமே ஐந்து வாக்கியம். மருத்துவமனையில் சேர்ந்திருந்தபோது ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலிநிவாரணி கொடுக்கப்பட்ட 11,882 பேரில், ஏற்கெனவே போதைப் பழக்கம் இல்லாதிருந்து புதிதாக அடிமையானவர்கள் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்கவர்கள் நான்கே பேர் என்றது அது.

என்ன அளவு மருந்து, எத்தனை நாள், வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனார்கள்? கடிதத்தில் எதுவும் இல்லை. அது ஆய்வுக் கட்டுரையும் அல்ல, ஆசிரியருக்கு வந்த கடிதம். பெரிய இதழில் வந்ததாலேயே எல்லாம் ஒரே தரம் ஆகிவிடாது என்பதை இங்கேதான் பலர் கவனிக்கத் தவறினார்கள்.

கருப்பாக வாந்தி எடுத்தவன் காக்காய் காக்காயாக வாந்தி எடுத்தான் என்று ஊரெல்லாம் பரவிய கதைதான் அடுத்து நடந்தது. ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுத, 2001இல் ‘டைம்’ பத்திரிகையில் இந்தக் கடிதம் ஒரு மைல்கல் ஆய்வாகவே ஆகிவிட்டது. இடையில், 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்திருந்தது. நாள்பட்ட வலிக்கு வீட்டிலேயே மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரைக்கு, மருத்துவமனைப் படுக்கையில் கிடைத்த கணக்கு சான்றானது. மாத்திரையை விற்ற பர்டூ நிறுவனம், அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதற்காக 2007இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒரு சான்று பரவப் பரவ யாருக்கு லாபம் என்று கேட்பதை நான் சந்தேகப்புத்தி என்று நினைக்கவில்லை. ஆராய்ச்சியில் அதுவும் ஒரு வேலை.

2017இல் கனடா ஆய்வாளர்கள் பொறுமையாக உட்கார்ந்து, இந்தக் கடிதத்தைச் சுட்டிய 608 வெளியீடுகளையும் அலசினார்கள். அடிமையாவது அரிது என்பதற்கு ஆதாரமாக 439 வெளியீடுகள் இதைக் காட்டியிருந்தன. அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே 491 வெளியீடுகள் சொல்லவில்லை. மூலம் ஒரே பக்கத்தில் ஒரு சின்னப் பத்தி, படிக்க ஒரு நிமிடம் போதும்!

அப்புறம்தான் இதழும் அந்தக் கடிதத்தோடு ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது. கடிதம் திரும்பப் பெறப்படவில்லை. அதன் ஆசிரியர்கள் எழுதியது மருத்துவமனை நோயாளிகளைப் பற்றி மட்டும்தான்.