பல்கலைக்கழகம் சென்ற பிள்ளையும் வன்னியில் இருக்கும் பெற்றோரும்

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாட்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் பாடசாலை வாயில்களில் பதாகைகள் கட்டப்படுகின்றன. தெரிவான பிள்ளையின் வீட்டுக்கு அயலவர் வந்து வாழ்த்திச் செல்கிறார்கள், சனசமூக நிலையத்தில் பாராட்டுக் கூட்டம் நடக்கிறது. பிறகு ஒருநாள் பிள்ளை பெட்டியுடன் பேருந்து ஏறியதும், அதுவரை ஒவ்வொரு தவணைப் பரீட்சையையும் பின்தொடர்ந்து வந்த பெற்றோரின் பங்கு, மாதாமாதம் காசு அனுப்புவதோடும் கோயிலிலோ தேவாலயத்திலோ நேர்த்தி வைப்பதோடும் முடிந்துவிடுகிறது. வன்னியில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் நான் சந்திக்கும் பல்கலைக்கழக மாணவர் பலரின் நெருக்கடி இந்த இடைவெளியில்தான் வளர்ந்திருக்கிறது. பல்கலைக்கழகம் எப்படி இயங்குகிறது என்று வீட்டாருக்குத் தெரியாதபோது, அங்கே தனக்கு நேர்வதை வீட்டில் எந்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்குவது என்று பிள்ளைக்கும் தெரிவதில்லை.

பாடசாலைக் காலத்தில் பெற்றோருக்கு ஓர் இடம் இருந்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருந்தது, வகுப்பாசிரியர் இருந்தார், பெறுபேற்று அறிக்கையில் கையொப்பமிட வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் இவை எதுவும் இல்லை. 18 வயதைக் கடந்த மாணவரை நிர்வாகம் வளர்ந்த ஒருவராகவே நடத்துகிறது. பரீட்சைப் பெறுபேறு மாணவருக்கே கிடைக்கிறது, வீட்டுக்கு எவரும் கடிதம் அனுப்புவதில்லை. இது சரியான ஏற்பாடுதான். ஆனால், நிர்வாகம் அழைக்கவில்லை என்பதற்காகப் பெற்றோர் முற்றாக ஒதுங்கிவிட வேண்டியதில்லை. அழைப்பு வரும் ஒரே நாள் பெரும்பாலும் புதுமுக மாணவர்களுக்கான அறிமுக நிகழ்வாக இருக்கும். அன்றைய கூலியை இழந்தாவது அதற்குப் போங்கள் என்று நான் பெற்றோரிடம் வற்புறுத்துவதுண்டு. பீடாதிபதி யார், மாணவர் ஆலோசகர்கள் யார், விடுதிக் காப்பாளர் யார், மருத்துவ நிலையம் எங்கே உள்ளது என்ற நான்கு விபரங்களையும் அன்றே ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ள முடியும். பிள்ளை பயிலும் கற்கைநெறியின் முழுப்பெயர், அது மூன்று ஆண்டுகளா நான்கு ஆண்டுகளா, அரையாண்டுப் பரீட்சைகள் எந்த மாதங்களில் வருகின்றன என்பவற்றையும் அதே கொப்பியில் குறித்து வைத்தால், பின்னர் நீங்கள் கேட்கும் கேள்விகளின் தன்மையே மாறிவிடும்.

பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்றுதான்: "சாப்பிட்டியோ? காசு இருக்கோ? சோதினை எப்பிடி?" மூன்றிலும் அன்பு இருக்கிறது. ஆனால் மூன்றுக்கும் "ஓம்", "நல்லம்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லித் தொலைபேசியை வைத்துவிடலாம். "இந்தக் கிழமை செய்முறை வகுப்பு இருக்கெண்டு சொன்னாய், அது ஆரோட செய்தாய்?" என்று கேட்கும் தாயிடம் பிள்ளை இரண்டு நிமிடமாவது கூடுதலாகப் பேசும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் தனக்கு அணியில் எவரும் இல்லை என்பதோ, விரிவுரை விளங்கவில்லை என்பதோ வெளியே வரும்.

விரிவுரை விளங்காமற் போவது வன்னிப் பிள்ளைகளுக்குப் புதிய அனுபவம் அல்ல, ஆயினும் அதை அவர்கள் எவரிடமும் சொல்வதில்லை. உயர்தரத்தைத் தமிழில் படித்த மாணவர் விஞ்ஞானம், பொறியியல், தொழினுட்பம், முகாமைத்துவம் போன்ற பீடங்களில் ஆங்கில மொழிமூலக் கற்பித்தலுக்குள் நுழைகிறார். எமது கிராமப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை பல ஆண்டுகளாகத் தொடர்வதை நாம் அனைவரும் அறிவோம். ஊர்ப் பாடசாலையில் வகுப்பில் முதலாம் பிள்ளையாக இருந்தவர் முதலாவது அரையாண்டுப் பரீட்சையில் ஒரு பாடத்தில் சித்தியடையாமற் போகும்போது, அது தன்னுடைய அறிவுக் குறைபாடு என்றே நம்பத் தொடங்குகிறார். பதாகை கட்டிய ஊருக்கு அதை எப்படிச் சொல்வது? "எத்தனையாம் பிள்ளை?" என்ற பழைய கேள்வியுடன் வீடு காத்திருந்தால், அவர் பொய் சொல்வதைத் தவிர வேறு வழி காண்பதில்லை. ஒரு பொய்யைக் காக்க அடுத்த விடுமுறைக்கு வராமல் விடுகிறார், அதன் பிறகு தொலைபேசியை எடுக்காமல் விடுகிறார்.

இங்கே பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி எளிமையானது. ஒரு பாடத்தில் தவறினால் அதை மீண்டும் எழுதலாம். பெரும்பாலான பீடங்களில் மீள எழுதும் பாடத்துக்குக் கிடைக்கும் உச்சத் தரத்துக்கு வரம்பு உண்டு. சிறப்புக் கற்கைக்கான தெரிவை அது பாதிக்கக்கூடும். எனினும் பட்டத்தை அது பறிப்பதில்லை. மாறாக, வரவு குறைந்தால் பரீட்சை எழுதும் தகுதியே இல்லாமற் போகலாம். பல பீடங்கள் 80 சதவீத வரவை எதிர்பார்க்கின்றன. சுகவீனத்தால் பரீட்சை எழுத முடியாவிட்டால் மருத்துவச் சான்றிதழை உரிய காலத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். காய்ச்சலோடு வீடு வந்த மகனை வைத்திருந்து கஞ்சி கொடுத்துப் பார்த்த தாய், அந்தச் சான்றிதழைப் பற்றியும் நினைவூட்டினால் ஒரு பரீட்சை காப்பாற்றப்படும்.

இன்னொரு காயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரச பல்கலைக்கழக அனுமதியில் ஏறத்தாழ 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்படுகின்றது. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளன. இதனால் குறைந்த இசட் புள்ளியுடன் (உயர்தரப் பரீட்சையின் தரப்படுத்தப்பட்ட புள்ளி) தெரிவான எமது பிள்ளைகளைப் பார்த்து, "நீ கோட்டாவில வந்தனி" என்று சக மாணவர் சிலர் சொல்வதுண்டு. விளையாட்டாகச் சொல்லப்பட்டாலும் அது ஆழமாகத் தைக்கிறது. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில், தனியார் வகுப்புக்குப் போக வசதியின்றி, சில காலம் பாட ஆசிரியரே இல்லாமல் படித்து எடுத்த புள்ளி அது என்று எடுத்துச் சொல்ல வீட்டாரைவிடத் தகுதியானவர் எவரும் இல்லை. அந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பதைப் பெற்றோர் விளங்கி வைத்திருந்தால், பிள்ளை தலை குனிய வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு எமது வீடுகள் தயங்குகின்றன. என் பார்வையில், பெற்றோரின் பங்கேற்பு மிக அதிகமாகத் தேவைப்படும் இடம் இதுதான். வன்னியின் வருமானம் பருவத்தோடு வருவது. காலபோக அறுவடை முடிந்தால் கையில் காசு இருக்கும், சிறுபோகத்துக்குக் குளத்தில் நீர் போதாவிட்டால் இருக்காது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் முல்லைத்தீவுக் கரையோரக் குடும்பங்களிடம் எதுவும் இருக்காது. பிள்ளையின் செலவோ மாதந்தோறும் ஒரே அளவில் வருவது: அறை வாடகை, சாப்பாடு, நிழற்படப் பிரதி, தொலைபேசித் தரவு. மகாபொல புலமைப்பரிசிலோ பல்கலைக்கழக உதவுதொகையோ கிடைக்கும் என்று நம்பி முதல் மாதங்களுக்கு எதுவும் ஒதுக்காமல் அனுப்பிவிடும் குடும்பங்கள் உள்ளன. அந்தக் கொடுப்பனவுகள் தொடங்குவதற்குப் பதிவின் பின் மாதங்கள் கடக்கலாம். ஆகவே முதல் அரையாண்டுக்கான செலவை முன்கூட்டியே பிள்ளையோடு அமர்ந்து கணக்கிட வேண்டும். விண்ணப்பத்தில் குடும்ப வருமானத்தையும் படிக்கும் சகோதரர்களின் விபரத்தையும் உண்மையாக எழுதி, கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் உறுதிப்படுத்தும் வேலையைப் பெற்றோரே நேரில் செய்ய வேண்டும். அதைப் பிள்ளையின் தலையில் கட்டினால், விரிவுரைகளை விட்டுவிட்டு அது ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே அலைய நேரிடும்.

நகையை அடைவு வைத்தோ நுண்கடன் எடுத்தோ காசு அனுப்பும் தாய்மார், "பிள்ளைக்குத் தெரிஞ்சால் படிக்காது" என்று அதை மறைக்கிறார்கள். பிள்ளைக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது, பெரும்பாலும் தம்பி தங்கையரிடமிருந்து. தெரிந்த பிறகு தன் ஒவ்வொரு சாப்பாட்டையும் ஒரு கடனாக எண்ணிக் குறைக்கத் தொடங்கிய மாணவிகளை நான் சந்தித்திருக்கிறேன். உண்மையை அளவோடு சொல்லி, "இவ்வளவுதான் மாதம் அனுப்ப முடியும், இதுக்கு மேல தேவைப்பட்டால் கேள், யோசிப்பம்" என்று ஓர் எல்லை வகுப்பது இருவருக்கும் ஆறுதல் தரும். வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ செலவைப் பொறுப்பேற்றிருந்தால், அவர் நேரடியாகப் பிள்ளையிடம் பெறுபேறு கேட்டு அதட்டும் நிலை வராமல் இடையில் நிற்பதும் பெற்றோரின் கடமையே.

மூத்த மாணவர்கள் புதுமுக மாணவரைத் துன்புறுத்தும் பகிடிவதை பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது. 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீட மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அதற்கு அடுத்த ஆண்டில், கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் பிற வன்முறைகளையும் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி பகிடிவதைக்கு 2 ஆண்டுகள் வரையும், பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ விளைவித்தால் 10 ஆண்டுகள் வரையும் கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். இவ்வளவு இருந்தும் பகிடிவதை நிற்கவில்லை. அது நீடிப்பதற்கு வீடுகளில் சொல்லப்படும் ஒரு வாக்கியமும் காரணம் என்பது என் உறுதியான கருத்து: "எல்லாரும் கடந்து வந்ததுதான், கொஞ்சநாள் பொறு." இதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை சொல்லாது. போரின் கடைசி மாதங்களில் பதுங்குகுழிகளிலும் பின்னர் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களிலும் இருந்து மீண்ட பெற்றோருக்கு, மூத்த மாணவர்களின் அதட்டல் சிறியதாகத் தோன்றுவது இயல்பு. ஆயினும் பிள்ளையின் துன்பத்தை உங்களுடைய துன்பத்தோடு ஒப்பிட வேண்டாம் என்று மன்றாட்டமாகக் கேட்கிறேன்.

பிள்ளை சொல்லும்போது முதலில் முழுவதையும் கேளுங்கள். என்ன நடந்தது, எந்த நாள், எங்கே, யார் என்பவற்றை எழுதி வையுங்கள். தொலைபேசியில் வந்த குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாமெனச் சொல்லுங்கள். காயம் இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள், அங்கே பதியப்படும் குறிப்பு பின்னர் சாட்சியமாகும். முறைப்பாட்டை மாணவர் ஆலோசகருக்கோ பீடாதிபதிக்கோ எழுத்தில் கொடுக்கலாம். அங்கே அசைவு இல்லையெனில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் பொலிஸாருக்கும் முறையிடலாம். உயிராபத்து இல்லாத நிலையில், எந்தப் படியையும் பிள்ளையிடம் கலந்து பேசிய பிறகே எடுக்க வேண்டும். ஆத்திரத்தில் உறவினரைக் கூட்டிக்கொண்டு விடுதி வாசலில் போய்ச் சண்டையிடுவதால் பிள்ளை மேலும் தனிமைப்படும். அதன் பிறகு அங்கே படிக்க வேண்டியது அந்தப் பிள்ளைதான்.

அக்கறைக்கும் கண்காணிப்புக்கும் இடையிலான வேறுபாட்டைப் பெண்பிள்ளைகளின் பெற்றோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நாளொன்றுக்குப் பல தடவை காணொளி அழைப்பெடுத்து, அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லும் வழக்கம் பாதுகாப்பைத் தருவதில்லை. உண்மையில் ஆபத்து வரும்போது அந்த மகள் வீட்டாரை அழைக்கத் தயங்குகிறாள், ஏனெனில் "உடன படிப்பை நிப்பாட்டிப்போட்டு வா" என்ற பதில் வருமென்று அவளுக்குத் தெரியும். இருவரும் உடன்பட்ட ஒரு நேரத்தில், நாளுக்கு ஒருமுறை பேசுவது போதுமானது.

தொலைவு குறைந்த இடங்களில் பங்கேற்பதற்கு வேறு வழிகளும் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றன. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது. பொதுமக்களுக்குத் திறந்த கண்காட்சிகள் அங்கே நடக்கும்போது குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். விவசாய பீடத்தில் படிக்கும் மகள் விடுமுறையில் வரும்போது வயலுக்கு அழைத்துச் சென்று, மண்ணைப் பற்றி அவள் கற்றதைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், நீங்கள் அறிந்ததையும் சொல்லுங்கள். அது படிப்புக்கும் பயன்படும். தொலைவிலுள்ள மாத்தறைக்கோ பெலிகுல்லோயாவுக்கோ ஒலுவிலுக்கோ பிள்ளையை அனுப்பியவர்களால் அடிக்கடி போக இயலாது. அவர்கள் அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும் அயற்கிராமப் பிள்ளைகளின் பெற்றோரோடு தொலைபேசி இலக்கங்களைப் பரிமாறிக்கொள்ளட்டும்.

பிள்ளை திடீரென அமைதியாகிவிடுவது, நித்திரையின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, காரணமின்றி விடுமுறைக்கு வராமல் விடுதல், "என்னால ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்லை" என்ற பேச்சு ஆகியவற்றைப் பிடிவாதம் என்று தள்ளிவிட வேண்டாம். மாணவர் ஆலோசகருடன் பேசுங்கள். எமது மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளை நாடலாம். தேசிய உளநல உதவித் தொலைபேசியான 1926 ஐ எந்நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிய பேச்சு எழுந்தால் பிள்ளையைத் தனியே விடாமல், அன்றைக்கே ஒருவர் போய்ச் சேர வேண்டும்.

பெற்றோர் இருவரையும் போரில் இழந்து, அம்மம்மாவின் கையில் வளர்ந்தோ அக்காவின் உழைப்பிலோ பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைகள் வன்னியில் கணிசமாக உள்ளனர். காணாமல் ஆக்கப்பட்ட கணவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத தாய்மாரும் இருக்கிறார்கள். பதிவு, விடுதி, உதவுதொகை ஆகிய ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தந்தையின் விபரம் கேட்கப்படும்போது இந்தப் பிள்ளைகள் பேனையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அனுமதிக் கடிதம் வந்த கிழமையிலேயே கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் நிலைமையை விளக்கி, அதை உறுதிப்படுத்தும் கடிதத்தைப் பெற்று, பல பிரதிகள் எடுத்துப் பிள்ளையின் கோப்பில் வைத்துவிடுங்கள். பாதுகாவலர் என்ற இடத்தில் வெளிநாட்டு மாமாவின் பெயரை எழுதாமல், இரவில் அழைத்தாலும் எடுக்கக்கூடிய, பேருந்து ஏறி வரக்கூடிய அக்காவின் பெயரையும் இலக்கத்தையும் எழுதுங்கள். அறிமுக நிகழ்வுக்கும் அவரே போகட்டும்.