மூங்கிலைப் பழி சொல்லாதீர்கள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் காட்டுத்தீ பயத்தில் எங்கள் வனச்சரகத்தில் யாரும் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட முடியாது. போன வாரம் மலைப்பாதையை ஒட்டி ஒரு சரிவு எரிந்தது. அது எங்களுக்குத் தெரியவந்ததே ஒரு வாட்ஸ்அப் வீடியோவால்தான். யாரோ ஒருவர் காரை ஓரங்கட்டி, சாவகாசமாகப் படம் பிடித்து, பின்னணியில் சோகப் பாட்டும் சேர்த்து ஏற்றியிருக்கிறார். நாலைந்து குழுக்களைச் சுற்றிவிட்டு அது எங்கள் வனக்காப்பாளரின் தம்பிக்கு வந்து, அவர் சொல்லி நாங்கள் ஓடினோம். படம் பிடித்தவர் நின்ற இடத்திலிருந்து எங்கள் செக்போஸ்ட் கூப்பிடு தூரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் செய்தி கேட்க வந்தவர், “வெயிலுக்கு மூங்கில் உரசித்தானே சார் பிடிச்சிருக்கும்?” என்றார். அந்தச் சரிவில் மூங்கிலே கிடையாது.

இந்த மூங்கில் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னது, பட்டிமன்றத்தில் கேட்டது என்று எல்லாரும் நம்புகிறார்கள். ஒரு மூங்கில் புதர் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். காற்றடித்தால் உரசும், கிறீச்சென்று சத்தம் வரும், பட்டை தேயும். தீ வராது. பச்சை மூங்கிலில் ஈரம் இருக்கிறது. காற்று விட்டு விட்டு அடிக்கிறது, உரசும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. மூங்கிலைத் தேய்த்து நெருப்பு உண்டாக்க முடியாதா என்றால், முடியும். நன்றாகக் காய்ந்த துண்டை எடுத்து, பஞ்சு மாதிரியான சருகை வைத்து, கை வலிக்க விடாமல் தேய்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். அங்கேயும் ஆள்தான். மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து மொத்தமாகச் சாகும். அப்படிச் செத்து நிற்கும் மூங்கில்காடு பயங்கரமாக எரியும் என்பது உண்மை. ஆனால் பற்றவைத்தது வேறு யாரோ. சரி, மின்னல்? இங்கே மின்னல் பெரும்பாலும் கோடைமழையோடு வருகிறது. பிப்ரவரி, மார்ச்சில் மேகமே இல்லாத மதியத்தில் எங்கிருந்து வரும்?

அப்புறம் இந்த மூங்கில் ஏன் எப்போதும் சாலையோரத்திலும், மாடு மேய்க்கும் தடத்திலும், கோயிலுக்குப் போகும் பாதையிலும் மட்டுமே உரசுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

எரிந்து முடிந்த இடத்தைப் படிக்கத் தெரிந்தால் தீ எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கலாம். தீ போன திசைப் பக்கம்தான் மரத்தில் கரி உயரமாக ஏறியிருக்கும். கல்லில், தீ வந்த பக்கம் கருத்திருக்கும், மறுபக்கம் சுத்தமாக இருக்கும். இப்படியே பின்னோக்கி நடந்து போனால் கடைசியில் கிடைப்பது மூன்று கல் அடுப்பு, பீடித்துண்டு, தேன் எடுக்கப் போனவர் போட்டுவிட்டுப் போன பந்தம், பிரியாணிப் பொட்டலம். காரணமும் பெரும்பாலும் சின்னதுதான்: மாட்டுக்கு இளம்புல் வேண்டும், நெல்லிக்காயும் கடுக்காயும் பொறுக்கத் தரை சுத்தமாக இருக்க வேண்டும், வயல் குப்பையைக் கொளுத்தியது காற்றில் தாவிவிட்டது. எங்கள் துறை மேல் உள்ள கோபத்தில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இதை வெளியில் பேச எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். ஆனால் தீத்தடுப்பில் ஊர்மக்கள் ஏன் முதலில் வர வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. வழக்குப் போட்டு ஊரைப் பகைத்துக்கொண்டால், புகையைப் பார்த்தவரும் பார்க்காத மாதிரி போய்விடுவார்.

“எரிஞ்சா சாம்பல் உரம்தானே சார், ஒரு மழைக்கு எல்லாம் பச்சையாயிடும்” என்பது அடுத்தது. பச்சையாகும்தான். என்ன பச்சை என்று பார்க்க வேண்டும். அடிக்கடி எரியும் சரிவில் மரக்கன்று தலை தூக்க முடியாது. எலுமிச்சைப்புல்லும் முரட்டுப் புற்களும் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைப்புல்லின் எண்ணெய்ப் பசை அடுத்த தீயை இன்னும் வேகமாக்கும். உண்ணிச்செடி எரிந்தாலும் வேரிலிருந்து மறுபடி தழைக்கும். அது புதராக மரத்தில் ஏறி நின்றால், தரையோடு போக வேண்டிய தீயை உச்சிக்குக் கொண்டுபோய்விடும். மானுக்கும் காட்டெருமைக்கும் அதில் தின்ன ஒன்றும் இல்லை.

காட்டுக்கோழியும் பக்கிக் குருவியும் தரையில் முட்டையிடுவது இந்த மாதங்களில்தான். நட்சத்திர ஆமையால் ஓட முடியாது. பெண் இருவாச்சிப் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பி உட்கார்ந்திருப்பதும் இந்தப் பருவத்தில்தான். பொந்து விழுந்த முதுமரத்தின் அடியில் தீ புகுந்தால் புகைபோக்கி மாதிரி உள்ளேயே இழுத்துக்கொண்டு நாள்கணக்கில் எரியும். அந்த மரம் போனால் அடுத்த பொந்து உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இதற்காக எல்லாத் தீயும் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. சத்தியமங்கலம், கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலைப் பக்கத்துச் சோளகர் பழங்குடியினர், பனி இறங்கும் தை மாதத்தில் சருகை மட்டும் மெல்ல எரிக்கும் வழக்கம் வைத்திருந்தார்கள். தழல் முழங்காலுக்கு மேல் எழாது. 1974-இல் பிலிகிரி ரங்கன் மலை சரணாலயமான பிறகு அது நின்றது. அதற்கப்புறம்தான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். முழுக் காரணம் அதுவா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே வாதம் உண்டு. என் அனுபவத்தில், அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. நாங்களே ஜனவரியில் தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாமலிருக்கச் செடி, சருகை அகற்றிய பட்டை) வெட்டி, அந்தப் பட்டையைப் பனியிருக்கும் வேளையில் கட்டுப்பாடாக எரிக்கிறோமே. 2006 வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் கொடுக்கிறது. பிலிகிரி ரங்கன் மலையில் 2011-இல் சோளகர்களுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது. எந்தச் சரிவை எப்போது எரிக்கலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுவதில் எங்களுக்கு என்ன கௌரவக் குறைச்சல்? (இதைப் படித்துவிட்டு யாரும் தீப்பெட்டியோடு கிளம்பாதீர்கள். மார்ச் மாதத்துத் தீ வேறு, தை மாதத்துத் தீ வேறு.)

“சாட்டிலைட் இருக்கே” என்பார்கள். இருக்கிறது. டேராடூனிலிருந்து இந்திய வனஅளவைத் துறை எங்கள் போனுக்குத் தகவல் அனுப்புகிறது. ஆனால் செயற்கைக்கோள் ஒரு நாளைக்குச் சில தடவைதான் தலைக்கு மேல் போகும். மரநிழலுக்கு அடியில் ஊர்ந்துபோகும் சருகுத்தீ அதன் கண்ணில் படாமல் தப்பும். எதிர்மலையில் ஆடு மேய்ப்பவர் அதற்கு முன்னாலேயே புகையைப் பார்த்துவிடுவார். அவர் நம்பர் என்னிடமும் என் நம்பர் அவரிடமும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அணைப்பது பெரும்பாலும் இருளர், குறும்பர், சோளகர் குடும்பங்களிலிருந்து வரும் தீக்காவலர்கள். கையில் பச்சைத் தழை, அரிவாள், சில இடங்களில் காற்று ஊதும் எந்திரம். தழல் அடங்கினாலும் வேலை முடியாது. யானை லத்திக்குள் தீ கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டு கிடக்கும். மறுநாள் மதியக் காற்றில் கோட்டுக்கு அந்தப் பக்கம் பொறி பறக்கும். அதனால் ஒவ்வொன்றாக உடைத்து மண் போட வேண்டும். 2020 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டம் தேசமங்கலத்தில் தீயணைக்கப் போன மூன்று வனக்காவலர்கள் உயிரிழந்தார்கள். இப்படிப்பட்டவர்களின் கூலி மாதக்கணக்கில் தாமதமானால் அடுத்த வருடம் எந்த முகத்தோடு கூப்பிடுவது?

2019 பிப்ரவரியில் கர்நாடகத்தின் பந்திப்பூர் காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. அதை ஒட்டித்தான் தமிழ்நாட்டின் முதுமலையும் கேரளத்தின் வயநாடும் இருக்கின்றன. மூன்று மாநிலத்து ஆட்களும் தீத்தடுப்புக் கோட்டை ஒரே சமயத்தில் வெட்டாவிட்டால், ஒருவர் வெட்டியது வீண். எஸ்டேட்காரர்கள், நெடுஞ்சாலைத் துறை, கோயில் நிர்வாகம் எல்லாருக்கும் இது பொருந்தும்.

மலையேறுகிறவர்களே, 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. கோடையில் தடத்தை மூடினால் எங்களோடு சண்டை போடாதீர்கள், குறுக்கு வழியில் ஏறாதீர்கள். தப்பித்தவறி தீயில் மாட்டினால் மேட்டை நோக்கி ஓடாதீர்கள். தீ உங்களைவிட வேகமாக ஏறும். வெறும் பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து ஆறிய தரை எது பக்கமோ அங்கே போங்கள்.

வெள்ளியங்கிரி, சதுரகிரி போகிறவர்கள் கற்பூரத்தைச் சன்னதியில் மட்டும் ஏற்றுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. காட்டோரம் சமைக்காதீர்கள். பீடியை ஜன்னல் வழியே எறியாதீர்கள், அணைத்து டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள். வயல் குப்பையை எரித்தே ஆக வேண்டுமென்றால் எங்கள் ஆளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், கூட வந்து நிற்போம். திட்ட மாட்டோம்.

புகையைப் பார்த்தால் முதலில் போன் செய்யுங்கள். வனச்சரக அலுவலக எண் தெரியாவிட்டால் 101 அல்லது 112. எந்த மலை, எந்தக் கொண்டைஊசி வளைவு, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்ற மூன்றையும் சொன்னால் போதும், பெயர்கூடக் கேட்க மாட்டோம். பேசி முடித்த பிறகு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கும் அனுப்புங்கள். பாட்டு வேண்டாம்.