மாரினேட் என்றால் ஊறவைப்பதா?

"மீன் துண்டுகளை அரை மணி நேரம் ஊறவைக்கவும்." மொழிபெயர்த்த சமையல் புத்தகங்களில் இந்த வரிக்குப் பஞ்சமே இல்லை. ஆங்கிலத்தில் 'மாரினேட்' (marinate) என்று இருப்பதைத்தான் இப்படி எழுதுகிறார்கள். எதில் ஊறவைப்பது? தண்ணீரிலா? புதிதாக அடுப்படிக்கு வருகிறவர் அப்படித்தான் செய்வார். உளுந்து ஊறும், அரிசி ஊறும், புளி ஊறும். சீலா மீன் என்ன உளுந்தா?

மாரினேட்டின் வேர், கடலைக் குறிக்கும் லத்தீன் சொல். மீனை உப்புநீரில் போட்டுவைக்கும் வேலைக்கு ஐரோப்பாவில் அது பெயரானது. "அப்போ ஊறவைப்பது சரிதானே?" என்று கேட்கலாம். அந்தப் பழைய வேலைக்கும் நம் கரையில் வேறு சொல் இருக்கிறது: உப்பிடுதல். குடல் எடுத்துக் கீறிய மீனை வாலிநோக்கம் உப்பளத்து உப்போடு தொட்டியில் அடுக்கினால், மறுநாள் அது தான் விட்ட தண்ணீரிலேயே கிடக்கும். பிறகு வெயில், பிறகு கருவாடு. கறியில் இதே வேலைதான் உப்புக்கண்டம்.

இன்றைய புத்தகங்களின் மாரினேட் வேறு. மசாலாவைக் கறிமேல் பிடிக்கவைப்பது. அங்கே உள்ளே இறங்குவது பெரும்பாலும் உப்பு மட்டுமே. மிளகாயும் மஞ்சளும் மேலோடு நின்றுவிடும். கை செய்வது என்னவோ அதுதான் சொல்லாக வேண்டும். இறால், கோழி என்றால் பிசறுதல். மீன் துண்டைப் பிசறினால் உடையும், ஆகவே தடவுதல். ஆங்கிலத்துக்கு ஒரு சொல்தான், நமக்கு இரண்டு. இரண்டையும் விட்டுவிட்டு, மாரினேட் செய்யும் மசாலாவுக்கு "ஊறல் கலவை" என்று பெயர் வைக்கிறார்கள். ஊறல் என்றால் போலீஸ் போய் அழிக்கிற சாராயப் பானைதானே முதலில் நினைவுக்கு வருகிறது!

"தடவி ஊற வை" என்று வீட்டில் சொல்வதில் குறை இல்லை. தடவி என்பது முன்னால் நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதை வெட்டிவிட்டு ஊறலை மட்டும் வைத்துக்கொள்கிறார். சட்டியைத் தொட்டுப் பார்த்தவர் அப்படி எழுதமாட்டார்.

சரியாக எழுதினால் இப்படி இருக்கும்: அரை கிலோ சீலாவை விரல் கனத்துக்கு நறுக்கி, கழுவி, ஈரம் போக வடியவிடவும். 2 தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், 1 தேக்கரண்டி உப்பு; தண்ணீர் தெளித்துக் கெட்டியாகக் குழைத்து இருபுறமும் தடவி, 20 நிமிடம் வைக்கவும். ஈரம் நின்றால் எண்ணெயில் மசாலா கழன்று அடியில் கரியும். எலுமிச்சைச் சாறு பொரிக்கப் போகும்போது போதும். முன்பே ஊற்றி மணிக்கணக்கில் வைத்தால், புளிப்பில் ஓரம் வெளுத்து, திருப்பும்போது துண்டு உதிரும். "ஊறவைக்கவும்" என்று மட்டும் படித்தவர், நன்றாக ஊறட்டும் என்று காலையிலேயே சாற்றை ஊற்றி வைத்துவிடுவார்.