ஃபெங் சுயி ‘சீன வாஸ்து’ அல்ல

‘சீன வாஸ்துப்படி தெற்கே தலை வைத்துப் படுத்தால் உடம்புக்கு நல்லது.’ வார இதழ், காலண்டர், காணொளி என்று எங்கே திரும்பினாலும் இந்த வரிதான். தெற்கே தலை வைக்கச் சொல்வது நம் ஊர் வாஸ்து. ‘சீன வாஸ்து’ என்று இவர்கள் சொல்லும் ஃபெங் சுயி, இடம் பார்க்கும் சீனக் கலை. அதில் எல்லோருக்கும் பொதுவான திசை கிடையாது. அதன் ‘எட்டு மனை’ முறையில், பிறந்த ஆண்டை வைத்து ஆளுக்கு நான்கு நல்ல திசை, நான்கு ஆகாத திசை என்று பிரிப்பார்கள். ஒரே கட்டிலில் படுக்கும் கணவனுக்கும் மனைவிக்கும் வேறு வேறு திசை வரலாம். பெயரைத் தப்பாக வைத்ததால் வந்த குழப்பம் இது.

சொல்லைப் பிரித்தால் விஷயம் எளிது. ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். (மாண்டரின் பேசுகிறவர் வாயில் அது ஏறக்குறைய ‘ஃபங் ஷுவெய்’. நாம் எழுதுவது ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தது.) சீன அறிஞர் குவோ பு (கி.பி. 276–324) எழுதியதாகச் சொல்லப்படும், இறந்தவரை அடக்கம் செய்வது பற்றிய நூலில் இதன் கரு இருக்கிறது. ‘ச்சி’ எனும் உயிர்ப்பு காற்றில் ஏறினால் சிதறும், நீரை எட்டினால் நிற்கும் என்கிறது அது. அங்கே பேச்சு வீட்டைப் பற்றியதல்ல, கல்லறையைப் பற்றியது.

‘சீன வாஸ்து’ முதலில் இடறுவது இங்கேதான். வாஸ்து, ‘வஸ்’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. வசித்தல், வசிக்கும் இடம் என்று பொருள். இறந்தவரை அடக்கம் செய்ய மலைச்சரிவு பார்க்கும் கலைக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? சீனர்கள் கல்லறையை யின் மனை என்றும், உயிரோடு இருப்பவர் வீட்டை யாங் மனை என்றும் சொல்லி இரண்டுக்குமே இடம் பார்க்கிறார்கள்.

சரி, இரண்டும் இடமும் திசையும் பார்க்கிற சாஸ்திரம்தானே, ஒரு ஒப்புமைக்குச் சொல்கிறோம் என்பார்கள். அந்த ஒப்புமை எவ்வளவு தூரம் தாங்கும்? வாஸ்துவில் வடகிழக்கு ஈசானிய மூலை, பூஜையறைக்கு உகந்த இடம். சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போன மரபிலோ வடகிழக்கு பேய் நுழையும் வாசல். ஜப்பானின் பழைய தலைநகர் கியோத்தோவுக்கு வடகிழக்கே ஹியே மலையிலுள்ள என்ரியாகு-ஜி கோயிலை அந்தத் திசைக்குக் காவல் என்றே போற்றினார்கள்.

படுக்கையறைக்கே வருவோம். ஃபெங் சுயியில் கட்டிலிலிருந்து பார்த்தால் வாசல் தெரிய வேண்டும், ஆனால் கால் வாசலுக்கு நேரே நீளக் கூடாது. பிணத்தைக் கால் முன்னே இருக்கத் தூக்கிப்போகும் நிலை அது. தலைமாட்டில் கெட்டியான சுவர் வேண்டும், ஜன்னல் கூடாது. தலைக்கு மேல் உத்தரம் ஆகாது, கண்ணாடி கட்டிலைப் பார்க்கக் கூடாது. இவற்றில் எதற்குமே திசை தேவையில்லை. பார்வை, மறைப்பு, காற்று, இவைதான் கணக்கு. வட சீனத்துக் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் காற்று எலும்பைத் துளைக்கும். அங்கே காற்றுக்கு மறைவாகப் படுப்பதுதான் நலம். தென்றலுக்கு ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கும் நமக்கு அது சட்டென்று பிடிபடாது.

அதனால்தான் ‘காற்று நீர்க் கலை’ என்று பெயர்ப்பவர்களும் சறுக்குகிறார்கள். அறையில் காற்றும் நீரும் நிறைந்திருக்க வேண்டும் என்று விளக்கம் சொல்லி, கட்டில் பக்கத்தில் குட்டி நீரூற்று வைக்கச் சொல்கிறார்கள். ஃபெங் சுயிக்காரர்கள் பலர் சொல்வதோ படுக்கையறையில் நீர் வேண்டாம் என்று!

ஆகவே ‘ஃபெங் சுயி’ என்றே எழுதுவோம். கராத்தேயை யாரும் ‘ஜப்பான் குத்துவரிசை’ என்று எழுதவில்லையே. தமிழில்தான் வேண்டும் என்றால் ‘வளிநீர் நூல்’ என்னலாம். நெடுநல்வாடையில் ‘நூலறி புலவர்’ கயிறிட்டுத் திசை பார்த்து மனை வகுக்கிறார்கள். இடம் வகுக்கும் அறிவுக்கு ‘நூல்’ அவ்வளவு பழைய பெயர். ‘மனைநூல்’ வாஸ்துவுக்கு இருக்கட்டும். ‘சீன வாஸ்து’ என்கிறவர்கள் தமிழாக்கிவிட்டதாக நினைக்கிறார்கள். சீனச் சொல்லை எடுத்துவிட்டு வடசொல்லை வைத்ததுதான் மிச்சம்.

கோளாறு இந்த ஒரு சொல்லோடு நிற்கவும் இல்லை. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற சீனர்களின் ஐந்தையும் ‘பஞ்சபூதம்’ என்று எழுதுகிறார்கள். அப்படியானால் வானும் காற்றும் எங்கே போயின? மரமும் உலோகமும் எப்போது பூதங்களாயின? சீனத்தில் அவை ‘ஷிங்’. நடத்தல், இயங்குதல் என்று பொருள். ‘ஐந்து இயக்கங்கள்’ என்றால் போதும். அப்புறம் ‘ச்சி’யைப் ‘பாசிட்டிவ் எனர்ஜி’ ஆக்குகிறார்கள். ச்சியில் கெட்டதும் உண்டு, அதற்கு ‘ஷா ச்சி’ என்று தனிப் பெயரே இருக்கிறது. அந்தப் ‘பாசிட்டிவ் எனர்ஜி’ தூக்கமின்மையைப் போக்கும் என்று மருத்துவக் குறிப்பு போல எழுதுவது எல்லாவற்றையும் விட மோசம். ஃபெங் சுயி இப்படிச் சொல்கிறது என்று எழுதுங்கள். நாள்கணக்கில் தூக்கம் வராதவரை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.